கண்ணாடிச் சன்னலில் ஒரு தோல்காரர்

மகனே ராயப்பா,

சேசு மரி சூசை என்று தாளின் தலையில் எழுதிவிட்டேன். உன் சுகத்தையும் விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள். வழக்கமான வரிகளை எழுத இன்று எனக்குப் பொறுமை இல்லை. சொல்ல வேண்டியது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் நைனா போன ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குள் வந்தார். வாசலோடு நின்றுவிடவில்லை. உள்ளே வந்தார், முழங்கால் போட்டார், பூசை முடிகிற வரை இருந்தார். உன் கல்யாணம் நம் ஊர்க் கோவிலிலேயே நடக்கும், அவர் உன் பக்கத்தில் நிற்பார். இதைப் படிக்கும்போது உனக்கு எப்படி இருக்கிறதோ தெரியவில்லை. எனக்கோ இத்தனை வருஷமாக நெஞ்சின் மேல் கிடந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி ஓரமாக வைத்ததுபோல் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் நேற்றுக் குழம்புக்கு உப்பை மறுபடியும் போட்டுவிட்டேன். அவரும் அதை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீரை மட்டும் சொம்பு சொம்பாகக் குடித்தார்.

நீ அரக்கோணத்திலிருந்து லீவில் வரும்போதெல்லாம், "நைனா ஏம்மா வெளியவே ஒக்காந்துகிறாரு?" என்று கேட்பாய். முழங்கால் வலி என்பேன். இன்னொரு தடவை கேட்டால் உள்ளே புழுக்கம் என்பேன். தோல் பதனிடுகிற கிடங்கில், சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று முழங்கால் போனவர்கள் நம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் உண்டு என்பதால் நீயும் நம்பினாய், அல்லது நம்புவது உனக்குச் சௌகரியமாக இருந்தது. இப்போது நீ தாலி கட்டப் போகிறவன். பெற்ற தகப்பன் எதற்காகப் பூசை நேரத்தில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார் என்று தெரியாமல் நீ ஒரு குடித்தனத்தைத் தொடங்குவதில் எனக்கு இஷ்டமில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ரயில் ஷெட்டில் எஞ்சின் கழுவுகிற வேலையை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக உட்கார்ந்து படி.

கோவிலில் அந்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் வந்து இறங்கியபோது நீ தவழ்கிற பிள்ளை. வெள்ளைத் தாடியோடு இருந்தாரே பிரெஞ்சுக்காரர், பெரிய சாமியார், அவர்தான் தம்முடைய சொந்த ஊருக்கு எழுதி எழுதி வரவழைத்தார். வைக்கோல் திணித்த மரப்பெட்டிகளில் ஸ்டேஷனில் வந்து இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில், ஊர்வலம் போகிற மாதிரி மெதுவாக வந்தன. சுவரில் ஏற்றி முடித்த மறுநாள் காலை வெயில் அவற்றின் வழியாக உள்ளே விழுந்தது. தரையில் கிடந்த சிவப்பையும் நீலத்தையும் மிதிக்கப் பயந்து, பெண்கள் எல்லாரும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனோம். ஒவ்வொரு சன்னலிலும் ஒரு வேதசாட்சி நின்றார். வேதத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள் என்கிற அளவுக்குத்தான் எங்களுக்குத் தெரியும். யாரை எப்படிக் கொன்றார்கள் என்று பெரிய சாமியார் சொல்லித்தான் இருப்பார். ஆனால் அவர் பேசுகிற தமிழில் பாதி மூக்கு வழியாகப் போய்விடும். அதனால் நாங்களே பார்த்து நாங்களே புரிந்துகொண்டோம்.

எப்படிப் புரிந்துகொண்டோம் என்று கேள், சிரிப்பாய். கத்தரீனம்மாள் கையில் சக்கரம் இருந்ததா, அவள் வண்டிக்காரர்களுக்கு என்று ஆகிவிட்டாள். பாரம் ஏற்றிக்கொண்டு குடியாத்தம் பக்கம் போகிறவன் அவளைக் கும்பிடாமல் மாட்டை அவிழ்க்க மாட்டான். இரும்புக் கம்பி அடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த லவுரேஞ்சியாரைச் சமையற்காரர் என்று முடிவு கட்டினோம். துரை பங்களாவில் சமைத்த ஆரோக்கியம், இறைச்சி கருகினால் நேரே வந்து அவரிடம்தான் முறையிடுவான். தட்டில் கண்களை ஏந்திய லூசியம்மாள் கண் வைத்தியச்சி. எங்களைக் குற்றம் சொல்லாதே. சுற்றிலும் ஆயுத பூசை போடுகிற ஜனங்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். ஒருவர் கையில் ஒரு சாமானோடு நின்றால் அது அவருடைய தொழில் சாமான் என்றுதான் நமக்குத் தோன்றும். அதை வைத்துத்தான் அவரைச் சாகடித்தார்கள் என்று எவனுக்குத் தோன்றும்?

பீடத்துக்குப் பக்கத்துச் சன்னலில்தான் அப்போஸ்தலர் பர்த்தொலொமேயு நின்றார். வலது கையில் அகலமான கத்தி, இடது கையின் மேல் மடித்துப் போட்ட ஒரு தோல். பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, தோல்காரர் என்றே வைத்துவிட்டோம். முதல் நாள் உன் நைனா அண்ணாந்து பார்த்துவிட்டு என் காதோரம் வந்து, "ஆவாரம்பட்டைத் தோல்டி அது. நல்லா ஊறி வந்துகிது, கலரே சொல்லுது பாரு. இனிமே காயப் போட வேண்டியதுதான்" என்றார். அப்புறம் வீடு வந்து சேரும் வரை, "அப்போஸ்தலருங்கள்ல நம்ம ஆளு ஒருத்தரு இருந்துகிறாரு, இத்தினி நாளா நமக்குத் தெரியாம போச்சே" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். ராஜா வீட்டில் சம்பந்தம் வைத்தவன் மாதிரி ஒரு நடை.

அதற்கு முன்னால் கோவிலில் நமக்கு இடம் பக்கவாட்டுக் கதவோரம். போ என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் தோல் கிடங்கில் வேலை செய்கிறவன் எத்தனை குளித்தாலும் வாடை போகாது. நாம் நாலடி முன்னால் போனால் பக்கத்தில் இருப்பவள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோவாள். அதைப் பார்ப்பதைவிடக் கதவோரமே மேல் என்று இருந்தோம். சன்னல் வந்த பிறகு கிடங்கு ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போய் அதன் கீழே நின்றார்கள். எங்கள் ஆளுக்குக் கீழே நாங்கள் நிற்கிறோம், இதில் யாருக்கு என்ன என்கிற தைரியம். யாரும் தடுக்கவில்லை. தோலில் ஒட்டியிருக்கிற சவ்வைச் சீவுகிற வேலை உன் நைனாவுக்கு. புதுக் கத்தி வாங்கினால் துணியில் சுற்றிக் கோவிலுக்குக் கொண்டுவருவார். பூசை முடிந்ததும் சன்னல் வெளிச்சத்தில் அதைப் பிரித்து, மேலே தூக்கித் தோல்காரருக்குக் காட்டிவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார். அப்புறம்தான் அந்தக் கத்தி கிடங்குக்குப் போகும். அவரைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள்.

பெரிய சாமியார் காலமாகி, சின்ன சாமியார் வந்தபோது நீ அரக்கோணத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். இவர் நம் தமிழர், படித்தவர், நல்லவர். பர்த்தொலொமேயுவின் திருநாள் வந்தது. நாங்கள் அவருக்குக் காட்டுகிற பக்தியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, அவர் சரித்திரத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பிரசங்கத்தில் அந்தச் சன்னலைக் கையால் காட்டி, "இவரை உயிரோடு தோலை உரித்துக் கொன்றார்கள். இவர் கையில் இருக்கிற கத்தி அந்தக் கத்திதான். இவர் ஏந்தியிருக்கிற தோல் இவருடைய சொந்தத் தோல். நுனியில் உற்றுப் பாருங்கள், அவர் முகமே தெரியும்" என்றார். அதை நாங்கள் ஆட்டுத் தலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம், ராயப்பா. அன்றைக்குப் பார்த்து உன் நைனாவின் மடியில் துணி சுற்றின புதுக் கத்தி. அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போயிற்று. பிரசங்கம் முடிவதற்குள் எழுந்து வெளியே போனார்.

வீட்டில் வந்து பார்த்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். "அவர உரிச்ச கத்திய அவருக்கே காட்டி ஆசீர்வாதம் கேட்டுகினு இருந்தேன்டி. இத்தினி வருசமா. அவரு மேலருந்து அத்தப் பாத்துகினே இருந்துகிறாரு" என்றார். நான் ஏதேதோ சொன்னேன். தெரியாமல் செய்தது என்றேன், எல்லாரும்தானே செய்தோம் என்றேன். மற்ற ஆட்கள் கொஞ்ச நாள் வெட்கப்பட்டு, கொஞ்ச நாள் தங்களைத் தாங்களே கேலி செய்து, பழையபடி கதவோரத்துக்குப் போய்விட்டார்கள். இவரால் முடியவில்லை. கத்தியை விட்டால் சோறு இல்லை, அதனால் கிடங்குக்குப் போனார். கத்தியைத் தொட்ட கையோடு தோல்காரர் முகத்தைப் பார்க்கக் கூசி, கோவிலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். சின்ன சாமியாரே வெளியே வந்து, "இது பாவமே இல்லையப்பா, உள்ளே வா" என்று கூப்பிட்டார். "பாவமில்லன்னு தெரியும் சாமி. வெக்கமாகிது" என்றார் இவர். சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளில்கூட உன் நைனா பீடத்தண்டை போய் நன்மை அப்பம் வாங்கவில்லை. மணிச் சத்தம் கேட்கும்போது மரத்தடியிலேயே முழங்கால் போடுவார். நான் உள்ளே இருந்து செபம் சொல்லிக்கொண்டே அந்தச் சன்னலைப் பார்த்து, உமக்கு இது அடுக்குமா என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பேன்.

அப்புறம் உனக்குப் பெண் நிச்சயமாயிற்று. பெண்ணின் தகப்பனார், அவர்கள் ஊர்க் கோவிலில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார், பெரிய மனதோடு மாப்பிள்ளை ஊரிலேயே கல்யாணம் என்று ஒத்துக்கொண்டார். உன்னை ரயிலேற்ற வந்தபோது ஆம்பூர் ஸ்டேஷனில் நான் உன்னிடம் அழுதேன், நைனா வாசலுக்கு வெளியே நிற்க நீ எப்படிடா தாலி கட்டுவாய் என்று. நீ, "அதுக்கு இன்னாம்மா இப்போ? பொண்ணு வூட்டுக்காரங்க கேட்டா ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம்" என்றாய். அந்த வார்த்தையைப் பிறகு பேசுகிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் நினைத்தேன். என் பிள்ளை கல்யாணத்தில் அவன் தகப்பன் உள்ளே இருக்க வேண்டும், அதற்கு யார் காலில் விழுவது?

யார் காலிலும் விழவில்லை. என் கால்தான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கால் விரலில் புண் ஆறாமல் இருந்ததே, அதற்கு மருந்து போட வேலூர்க் கன்னியாஸ்திரிகளின் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காட்பாடியில் இறங்கி ஜட்கா வண்டியில் ஒரு குலுக்கு. அங்கே வயதான பிரெஞ்சுக்கார மதர் ஒருத்தர் கட்டுப் போட்டுக்கொண்டே எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். உங்கள் ஊர்ப் பெரிய சாமியாரும் நானும் ஒரே ஊர் என்றார். வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டார். தோல் கிடங்கு என்று சொல்லிவிட்டு, பட்டை இடித்துக் காய்ப்பேறின என் கையை முந்தானைக்குள் இழுத்தேன். அவர் விடவில்லை. கையைப் பிடித்து, முகத்தருகே கொண்டுபோய், மோந்து பார்த்தார், ராயப்பா! "எங்கள் ஊரில் வேறே மரம், வேறே பட்டை. வாசம் இதுதான். என் அப்பா தோல் வேலை. என் தெரு முழுக்கத் தோல் வேலை" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு வாய் திறந்துகொண்டது. கண்ணாடிச் சன்னலிலிருந்து வேப்ப மரம் வரைக்கும் கொட்டிவிட்டேன்.

கேட்டுவிட்டு அந்த அம்மாள் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. "பர்த்தொலொமேயு எங்கள் ஆள். எங்கள் ஊரில் தோல் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் அவர்தான் காவல்" என்றார். "அவர உரிச்சாங்கன்னு உங்க ஊர்ல யாருக்கும் தெரியாதா மதர்?" என்று கேட்டேன். "சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றார். "தெரிஞ்சுமா?" என்றேன். "தெரிந்துதான். தோல் படுகிற பாடு அவருக்குத்தானே தெரியும்? நாங்கள் வேறே யாரிடம் போவது?" என்றார். அப்புறம் சொன்னதுதான் எனக்குப் பெரிசு. பெரிய சாமியார் அந்தச் சன்னலைத் தெரியாமல் வாங்கி மாட்டவில்லையாம். ஆம்பூரில் என் ஜனங்களில் பாதிப் பேர் தோல்காரர்கள், அவர்களுக்கு ஒரு சன்னல் வேண்டும் என்று எழுதிக் கேட்டாராம். காசு சேர்த்து, செய்வித்து அனுப்பினது மதருடைய தெருத் தோல்காரர்களாம். அவர்களில் அவர் அண்ணனும் ஒருவராம். நம் ஆள் என்று நாம் தப்பாக நினைத்தோம் என்று இத்தனை வருஷம் கூனிக் குறுகினோமே, நமக்கென்றே வந்தவரடா அவர்!

காலில் கட்டோடு ஓடாத குறையாக வீட்டுக்கு வந்தேன். உன் நைனாவை உட்கார வைத்து ஒன்று விடாமல் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், தாடையைத் தடவிக்கொண்டு, "அவங்க ஊர்ல கத்தியக் கோவிலுக்குள்ள எடுத்துகினு போவாங்களாமா?" என்று கேட்டார். அதை நான் கேட்கவில்லையே! "கேக்கலீங்க" என்றேன். "அத்தக் கேக்காம இன்னாத்தக் கேட்டுகினு வந்தே? போய்க் கேட்டுகினு வா" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். "ஒங்க கத்தி, ஒங்க வெக்கம். நீங்களே போய்க் கேளுங்க, எனுக்குக் கால் வலி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மனுஷர் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த லீவு நாளில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, "வா, டேசனுக்குப் போலாம்" என்றார்.

மதருக்கு முன்னால் போய் எட்டடி தள்ளி நின்றார் உன் நைனா, தம் வாடைக்குப் பயந்து. அவர் கிட்டே வரச் சொன்னார். இவர் தலையைக் குனிந்துகொண்டே கேள்வியைக் கேட்டார். மதர் சொன்னார், "கத்தி உருவத்தை எங்கள் கொடியிலேயே தைத்திருப்போம். திருநாளன்று என் அப்பா அந்தக் கொடியைப் பீடம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போவார்." இவருக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "அவரு கோவிச்சுக்க மாட்டாரா மதர்?" என்றார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அதற்கு மதர், "கோபம் இருந்தால் அந்தக் கத்தியை எப்போதோ தூர எறிந்திருப்பார். கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாரே" என்றார். உன் நைனா நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. திரும்பி வரும்போது ஜட்காவில் திடீரென்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார், ஜட்காக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. எதற்குச் சிரிக்கிறீர்கள் என்றால், "ஆட்டுத் தலைன்னு நெனச்சோமேடி" என்கிறார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு இரண்டு பேருக்கும் அழுகை வந்தது, அதையும் அழுதோம்.

ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார். வேப்ப மரத்தைத் தாண்டினார். கதவோரத்தில் கிடங்கு ஆட்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். "இன்னாடா நிக்கிறீங்க? நமக்குன்னு எடம் குடுத்துகிறாங்க, வாங்கடா" என்று சத்தமாகவே சொன்னார், கோவில் என்றும் பாராமல். சிலர் வந்தார்கள், சிலர் தயங்கினார்கள். அவர் யாருக்காகவும் நிற்கவில்லை. சன்னலுக்குக் கீழே போய் முழங்கால் போட்டு, முகத்தை நேரே உயர்த்தித் தோல்காரரைப் பார்த்தார். பெண்கள் பக்கத்து முன்வரிசையில் இருந்த பென்ஷன்காரர் வீட்டம்மாள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். இவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. சின்ன சாமியார் பீடத்திலிருந்து ஜனங்கள் பக்கம் திரும்பினவர் இவரைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் செபத்தை மறந்து நின்றார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபைக்கு அறிவிக்கிற உன் கல்யாண ஓலையை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாசித்தார். சின்னப்பன் மகன் ராயப்பன் என்று உன் பெயர் நைனா பெயரோடு சேர்ந்து வந்தபோது, அவர் தோளை நிமிர்த்தினதை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

இனி ஸ்டேஷனில் நீ சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். "ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம்" என்றபோது உன் முகத்தில் வருத்தம் இல்லை, ராயப்பா. ஒரு நிம்மதிதான் இருந்தது. பெற்றவளுக்கு அது தெரியாதா? பெண் வீட்டில் நீ நைனாவைக் கம்பெனி மேஸ்திரி என்று சொல்லி வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் பேச்சுவாக்கில் சொன்னார்கள், நான் மறுத்துப் பேசவில்லை. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, வெளியூர் போய்ப் புதுச் சட்டை போட்டுக்கொண்டதும் அப்படித்தான் பேசுவாய். ஆனால் நீ எஞ்சின் கரியும் எண்ணெயுமாக வீட்டுக்குள் நுழையும்போது நாங்கள் யாராவது மூக்கைப் பிடித்தோமா? உன் மனைவியாக வரப்போகிறவள் நம் வீட்டுக்கு வந்து ஒரு மழை பெய்தால் போதும், சுவரில் ஊறின வாடையே அவளுக்குச் சொல்லிவிடும். அவளாகத் தெரிந்துகொள்ளும்படி விடாதே. ஒளித்தவனை மன்னிப்பது புதுப் பெண்ணுக்குக் கஷ்டம். நீயே போய்ச் சொல். உபதேசியார் மகள், வேதசாட்சிகள் கதையெல்லாம் நம்மைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். தன் தோலைக் கையில் வைத்துக்கொண்டு வெட்கப்படாமல் நிற்கிறவரைப் பற்றி நீ அவளுக்குப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

நீ ஸ்டேஷனில் சொன்னதை உன் நைனாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவர் சந்தோஷமாக இருக்கிறார். கல்யாணத்தன்று எந்த இடத்தில் நிற்பது என்று பார்த்துவைத்துவிட்டார். சம்பந்தியைத் தமக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு, சன்னலைக் காட்டி, இவர் எங்கள் ஆள், நாங்கள் தோல்காரர்கள் என்று தாமே சொல்லப் போகிறாராம். அதற்காக எதிரே யாரும் இல்லாமல் பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் அதைச் சொல்லும்போது உபதேசியார் உன்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்த நேரத்தில் நீ தலையைக் குனிந்தால் உன் நைனா மறுபடியும் எழுந்து வெளியே போய்விடுவார், இந்தத் தடவை எந்த மதராலும் கூட்டிக்கொண்டு வர முடியாது. அவர் உள்ளே வந்துவிட்டார், கண்ணு. நீயும் வந்துவிடு.

உன் அம்மா